கிரீஸ் படிந்த கையும் ஒரு தேய்ப்பானும்: ஒரு மெக்கானிக்கின் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருசக்கர வாகனங்களைப் பழுது பார்க்கும் தொழிலில் எனக்கு இது 27-வது ஆண்டு. காலையில் பட்டறையைத் திறந்ததும் நான் முதலில் கையில் எடுப்பது உங்கள் நாளிதழைத்தான். கை சுத்தமாக இருக்கும் நேரம் அது ஒன்றுதான். முகத்துக்கு என்ன பூசலாம், பாத வெடிப்புக்கு என்ன செய்யலாம் என்று நீங்கள் போடும் குறிப்புகளைப் படிக்கிறேன். கிரீஸ் படிந்த கையை எப்படிக் கழுவுவது என்று மட்டும் ஒருமுறையும் பார்த்ததில்லை. அதைத் தினமும் செய்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறோம். அதனால் ஒரு கை தேய்ப்பானை வைத்து நான் சோதித்துப் பார்த்ததை எழுதுகிறேன்.

தொழில் கற்க வந்த நாளிலிருந்து கை கழுவ எனக்குப் பெட்ரோல்தான். கார்புரேட்டர் கழுவிய கிண்ணத்தில் மிச்சம் இருக்கும். அதிலேயே கையை முக்கித் தேய்த்து, பனியன் வேஸ்ட்டில் துடைத்து, அப்புறம் சலவைத்தூள் போட்டுக் கழுவினால் கை வெளுத்துவிடும். தோலுக்கென்று இருக்கிற எண்ணெயும் சேர்ந்து போய்விடுவதால் வரும் வெளுப்பு அது. எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அப்படித்தான் கழுவினார், அவருக்குக் கற்றுக்கொடுத்தவரும் அப்படித்தான் கழுவியிருப்பார். கொஞ்ச நாளில் விரல் கணுக்களில் வெடிப்பு விழும். வெடிப்புக்குள் பழைய ஆயில் இறங்கிக் கறுப்புக் கோடாக நிற்கும். அந்தக் கோட்டை எடுக்க இன்னும் அழுத்தித் தேய்ப்பேன். வெடிப்பு இன்னும் ஆழமாகும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் விரல் இடுக்குகளில் அரிப்பு வந்து, தோல் உரிந்து, இரவில் தூங்க முடியாமல் போனது. தோல் மருத்துவரிடம் போனேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன போட்டுக் கழுவுறீங்க?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். பெட்ரோல் என்றதும், இன்றோடு அதை விட்டுவிடச் சொன்னார். பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது, அது மூச்சு வழியாக மட்டுமில்லாமல் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும், ரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள் அது என்று விளக்கினார். ஓடித் தேய்ந்த எஞ்சின் ஆயிலும் புது ஆயில் போல இல்லை. அதில் எரிந்த புகைக்கரியும் உலோகத் தூளும் கலந்திருக்கும், அதைத் தோலில் நாள்கணக்கில் தங்கவிடக் கூடாது என்றார். பெட்ரோல் போட்டும் கழுவக்கூடாது, ஆயிலைக் கையிலேயே விட்டும் வைக்கக்கூடாது என்றால் நான் என்னதான் செய்வது என்று கேட்டேன். மருந்து எழுதிக் கொடுத்தார், தன்மையான சோப்பு ஒன்றைச் சொன்னார். ஆனால் பட்டறைக் கை வீட்டுக் கை இல்லையே. அந்தச் சோப்பு என் கையில் பட்டு, நுரைகூட வராமல் சாம்பல் தண்ணீராக ஓடியது.

பிறகு நானே தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1775-ல் லண்டனில் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர், புகைபோக்கி சுத்தம் செய்கிறவர்களுக்கு விரைப்பையில் வரும் புற்றுநோயைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த இடத்துத் தோல் சுருக்கங்களில் புகைக்கரி தங்கிவிடுவதுதான் காரணம் என்று அவர் கண்டுபிடித்தார். அதற்குப் பல காலம் கழித்து, இங்கிலாந்தின் பஞ்சாலைகளில் நூற்பு இயந்திரத்தின் எண்ணெய் தினமும் உடம்பில் பட்டு வேலை செய்தவர்களுக்கும் அதே புற்றுநோய் வந்திருக்கிறது. இதைப் படித்த அன்று என் விரல் கணுக்களை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சுருக்கத்தில் அழுக்கைத் தங்க விடாமல் இருப்பதுதான் காரியம், கை வெளுப்பது அல்ல என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இந்தச் சமயத்தில்தான் என் மகள் அந்தத் தேய்ப்பானை வாங்கி வந்தாள். உள்ளங்கை அளவு, சிலிக்கோன் ரப்பரில் செய்தது. ஒரு பக்கம் குட்டையான தடித்த முட்கள், மறுபக்கம் நீளமான மெல்லிய முட்கள். ஓரத்தில் நகத்துக்கென்று ஒரு வரம்பு, பின்னால் கையை நுழைக்க ஒரு பட்டை. சோப்பே வேண்டாம், தண்ணீர் போதும், அரை நிமிடத்தில் கை சுத்தமாகும் என்று உறையில் அச்சிட்டிருந்தார்கள். முதல் நாளே தெரிந்துவிட்டது, அது பொய். தண்ணீரோடு தேய்த்தால் கிரீஸ் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்கிறது, அவ்வளவுதான். கிரீஸ் என்பதே எண்ணெயைச் சோப்பு போன்ற ஒரு கெட்டிப் பொருள் பஞ்சுபோலப் பிடித்து வைத்திருப்பதுதான். சக்கரத்து பேரிங்கில் மழைத்தண்ணீர் பட்டாலும் நிற்க வேண்டும் என்றே தயாரிப்பது, கையில் பட்ட தண்ணீருக்கு எப்படிப் போகும்?

இருந்தாலும் அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. முறையாகச் சோதித்துவிடலாம் என்று ஒரு நோட்டு போட்டேன். முதல் இரண்டு வாரம் வலது கைக்குத் தேய்ப்பான், இடது கைக்கு வழக்கமான துணி பிரஷ்ஷும் சலவைத்தூளும். எனக்கு வலது கையில்தான் அழுக்கு அதிகம் சேரும், ஒரே கையை வைத்து முடிவு சொன்னால் நியாயம் இல்லை. அதனால் அடுத்த இரண்டு வாரம் கைகளை மாற்றிக்கொண்டேன். மேல் தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இரண்டு நாள் தேய்த்துப் பார்த்து நல்லது கெட்டது சொல்வதில் பொருள் இல்லை.

வெறும் தண்ணீர் சரிவராததால் கழுவும் வரிசையை மாற்றினேன். இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும்தான் ஒருவர் படிப்பார் என்றால் அது இந்தப் பத்தியாக இருக்கட்டும். கையை நனைக்கவே கூடாது. முதலில் காய்ந்த துணியால் முடிந்தவரை வழித்துவிட வேண்டும்; துணியோடு போகிற கிரீஸ் சாக்கடைக்குப் போகாது. அப்புறம் அரை ஸ்பூன் தாவர எண்ணெயைக் காய்ந்த கையில் விட்டு, இரண்டு நிமிடம் விரல்களைப் பின்னித் தேய்க்க வேண்டும். எண்ணெய்தான் எண்ணெயைக் கரைக்கும். கிரீஸ் இளகிக் கறுப்புக் குழம்பாகும். அதையும் துணியால் துடைத்துவிட்டு, கையில் திரவச் சோப்பை நேராக விட்டு, அப்போதும் தண்ணீர் தொடாமல், தேய்ப்பானால் தேய்க்க வேண்டும். கடைசியில்தான் தண்ணீர், அதுவும் வெதுவெதுப்பாக. கொதிக்கும் சூட்டில் கழுவினால் தோலின் எண்ணெயும் போய்விடும். முதலிலேயே நனைத்துவிட்டால் சோப்பு தண்ணீரில் நீர்த்துப்போய், கிரீஸிடம் போய்ச் சேரும்போது வலு இருக்காது.

எண்ணெய் துடைத்த துணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதைக் குவித்துப் போடக்கூடாது. தாவர எண்ணெய் ஊறிய துணிக் குவியல் உள்ளுக்குள்ளே சூடேறித் தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வையுங்கள். பெட்ரோல் இருக்கும் பட்டறையில் இது விளையாட்டு இல்லை.

சரி, தேய்ப்பான் என்ன செய்தது? செயின் கிரீஸும் பழைய எஞ்சின் ஆயிலும் அதற்கு நன்றாகக் கட்டுப்பட்டன. நீள முட்கள் உள்ளங்கை ரேகைக்குள்ளும் கணுச் சுருக்கத்துக்குள்ளும் வளைந்து போகின்றன. துணி பிரஷ்ஷின் முட்கள் வளையாமல் மேட்டை மட்டும் கீறிவிட்டுப் பள்ளத்தை விட்டுவிடும். நேரமும் குறைந்தது. பிரஷ்ஷால் தேய்த்த கைக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் ஆனது, தேய்ப்பானால் தேய்த்த கைக்கு எண்ணெய் ஊறும் நேரத்தையும் சேர்த்தே மூன்றரை. மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸில் மட்டும் அது தோற்றது. பென்சில் கரி போலத் தோலில் ஒரு சாயம் நின்றுவிடுகிறது, மறுநாள் குளித்த பிறகுதான் போகிறது. எஞ்சின் மூட்டுகளில் ஆயில் கசியாமல் இருக்கப் பூசும் பேக்கிங் பேஸ்ட் கையில் காய்ந்துவிட்டால், அதை எதனாலும் எடுக்க முடியவில்லை. அதைச் சுரண்டாமல் விட்டால் ஓரிரு நாளில் தானே உரிந்து வந்துவிடும்.

ஆனால் நான் பெரிதாக நினைக்கும் சோதனை கழுவி முடித்ததும் செய்வது அல்ல, மறுநாள் காலையில் செய்வது. இரண்டு கையிலும் சானிடைசர் ஒரு சொட்டு விட்டுத் தேய்ப்பேன். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் எரியும். முதல் இரண்டு வாரம் இடது கை தினமும் எரிந்தது, வலது கை நான்கைந்து நாளுக்குப் பிறகு எரியவில்லை. கை மாற்றியதும் எரிச்சலும் கை மாறியது. அந்தக் காலைகளில் நோட்டில் எழுதும்போது எனக்கு உண்மையிலேயே மனம் நிறைந்தது. இத்தனை ஆண்டு எரிச்சலும் தொழிலோடு வந்தது என்று நினைத்திருந்தேன், அது பிரஷ்ஷோடு வந்தது. இன்னொன்று. என் கைபேசி என் கட்டைவிரலைப் பல ஆண்டுகளாக அடையாளம் கண்டதே இல்லை, எண்ணைத் தட்டித்தான் திறப்பேன். சோதனை முடிந்து கொஞ்ச நாளில் மகள் சொல்லி மறுபடி பதிந்து பார்த்தேன். திறந்தது. தேய்த்துத் தேய்த்து அழிந்திருந்த ரேகை திரும்பி வந்திருக்கிறது.

நுரைக்கல், பஞ்சு, உலோகக் கம்பி என்று வேறு சிலவற்றையும் நடுநடுவே பார்த்தேன். கல் அழுக்கோடு தோலையும் எடுக்கிறது. பஞ்சு அன்றைக்கு எடுத்த கறுப்பை மறுநாள் திருப்பிக் கொடுக்கிறது. கம்பியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

தேய்ப்பானில் குறைகளும் உண்டு, தயாரிக்கிறவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டை என் கைக்குப் போதவில்லை. ஸ்பேனர் பிடிக்கிற கையின் அகலம் தெரியாதவர்கள் அளவெடுத்திருக்கிறார்கள். நகத்துக்கான வரம்பு மழுங்கல், நகக்கண்ணுக்குள் போகவே போகாது. தொங்கவிட ஓட்டை இல்லை, ஈரத்திலேயே கிடந்து வழவழத்துப் போகிறது. பெரிய குறை, ஒரு கையால் அதைப் பிடிக்கும்போது பிடித்த கையின் அழுக்கு சுத்தமான கைக்கு வருகிறது. மூன்றாவது வாரம் பட்டையை அறுத்துவிட்டு, தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் அதைத் திருகாணி போட்டுப் பொருத்தினேன். இப்போது இரண்டு கையையும் அதன்மேல் மாறி மாறித் தேய்க்கிறோம். முதுகைச் சுவரில் தேய்ப்பது போலத்தான். கையில் பிடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். இப்படியே செய்து விற்கலாமே.

நகத்துக்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை. வேலை தொடங்கும் முன் சோப்புக்கட்டியை நகத்தால் நான்கு முறை பிறாண்டிவிட்டால் போதும். நகக்கண் முழுக்கச் சோப்பு அடைத்துக்கொள்ளும், கிரீஸுக்கு உள்ளே இடம் இருக்காது. மாலையில் தண்ணீர் பட்டதும் கரைந்து வந்துவிடும்.

கையுறை போடலாமே என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். போடுகிறேன். ஆயில் மாற்றும்போதும் பிரேக் ஷூ கழற்றும்போதும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறைதான். சாதாரண ரப்பர் பெட்ரோலில் ஊதிப் போகும். ஆனால் சுழலுகிற செயினுக்கும் டிரில்லுக்கும் பக்கத்தில் கையுறையோடு போனால் அது விரலையும் சேர்த்து இழுத்துவிடும். நுணுக்கமான திருகைத் தொட்டுப் பார்த்து முடுக்க வெறும் கைதான் வேண்டும். ஆக, கழுவும் வேலை ஒரு நாளும் ஒழியாது.

பட்டறை வைத்திருக்கும் சகோதரர்களிடம் ஒன்று கேட்கிறேன். தண்ணீர்க் குழாயை ஏர் கம்ப்ரஸருக்குக் கொடுக்கிற மரியாதையோடு வையுங்கள். ஒரு தொட்டி, எண்ணெய் ஒரு புட்டி, திரவச் சோப்பு, பொருத்திய தேய்ப்பான், காய்ந்த துணி, கழுவிய பிறகு தடவ ஏதாவது ஒரு களிம்பு. இவ்வளவுதான் வேண்டும். பழைய பட்டறை ஒன்றில் நான் வேலை பார்த்தபோது குழாயே இல்லை. பெட்ரோல் கிண்ணத்தைத் தவிர வேறு வழி இல்லாமல்தான் அந்தப் பழக்கம் எங்களுக்கு ஏறியது.

என்னிடம் இப்போது தொழில் கற்கும் பையனுக்கு வயது 19. வந்த முதல் வாரமே கார்புரேட்டர் கிண்ணத்தில் கையை விட்டான். தடுத்ததும், "எல்லா இடத்துலயும் இப்படித்தாண்ணே கழுவுறாங்க" என்றான். அவன் சொன்னது உண்மை. அவன் கையில் இன்னும் ஒரு வெடிப்புகூட இல்லை.

ஆசிரியர் அவர்களே, தோல் மருத்துவர் ஒருவரைக் கொண்டு தொழிலாளர் கைகளுக்கென்று அரைப் பக்கம் எழுதி வாங்கிப் போடுங்கள். நான் சொன்னதில் தவறு இருந்தால் அவர் திருத்தட்டும். பெரிய எழுத்தில் இருந்தால் நல்லது. வெட்டி எடுத்து லேமினேட் செய்து, தேய்ப்பான் பொருத்திய பலகைக்கு மேலே மாட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
இருசக்கர வாகன மெக்கானிக் ஒருவர்