எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு யார் தலைமை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐ.ஏ.எஸ். அதிகாரிகளின் இடமாற்றப் பட்டியல் வெளிவரும் நாளில், எந்த மாவட்டத்துக்கு எந்த ஆட்சியர், எந்தத் துறைக்கு எந்தச் செயலாளர் என்று தேடிப் படிக்கிறோம். அதே பட்டியலில் ‘ஆணையர், தமிழ்நாடு ஆவணக் காப்பகம் மற்றும் வரலாற்று ஆராய்ச்சித் துறை’ என்றொரு வரி இருந்தால் அதை நின்று படிப்பவர்கள் குறைவு. படிப்பவர்களும், ‘பாவம், ஓரங்கட்டிவிட்டார்கள்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். வருவாய்த் துறையில் பதிவறை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்த ஒரு வரியைப் பற்றி எழுதுகிறேன்.

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, காந்தி இர்வின் சாலையில் 1909 முதல் நிற்கும் அந்தச் செந்நிறக் கட்டடத்தில், 1670 தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக் கால ஆவணங்கள் இருக்கின்றன. டச்சுக் கம்பெனியின் ஆவணங்களை யுனெஸ்கோ 2003-இல் உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தபோது, அவற்றை வைத்திருக்கும் காப்பகங்களுள் ஒன்றாக எழும்பூரும் இடம்பெற்றது. இவையெல்லாம் ஆராய்ச்சி மாணவர்களுக்கான சங்கதி என்று நினைத்துவிட வேண்டாம். கோயில் நிலம் யாருடையது என்ற வழக்கு இன்று நீதிமன்றத்துக்குப் போனால், இனாம் நிலங்களின், அதாவது மானியமாக விடப்பட்ட நிலங்களின், உரிமையை விசாரிக்க 1858-இல் அமைந்த இனாம் ஆணையத்தின் பதிவேட்டு நகலைத்தான் இரு தரப்பு வழக்கறிஞர்களும் தேடுகிறார்கள். 1786-இல் தொடங்கி 1980-இல் கலைக்கப்பட்ட வருவாய் வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்புகளில், ஏரிக்கரை உடைந்ததும் வரித் தள்ளுபடி கேட்டு ஊரார் மனுக் கொடுத்ததும் ஊர்ப்பெயரோடு கிடைக்கும்.

இந்த நிறுவனம் சென்னை ஆவண அலுவலகம் என்று அழைக்கப்பட்ட காலத்தில், அதன் காப்பாட்சியராக இருந்தவர் ஹென்றி டாட்வெல். பிரெஞ்சுக்காரர் காலப் புதுச்சேரியில் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கம் பிள்ளையின் நாட்குறிப்பு ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வந்தபோது, நான்காம் தொகுதி முதல் பதிப்பித்தவர் அவர்தான். பின்னாளில் வந்த பி.எஸ். பாலிகா, வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர். நெடுங்காலம் அதே நாற்காலியில் இருந்தவர். அவர் எழுதிய தஞ்சை மாவட்டக் கையேட்டை இப்போதும் புரட்டுகிறோம். இவர்களை வெள்ளைக்காரன் காலத்துப் பெருமையாகச் சொல்லவில்லை. எந்த அலமாரியில் எந்தக் கட்டு இருக்கிறது, எது எதோடு சேர்ந்தது என்பது மனத்தில் படிவதற்கே சில ஆண்டுகள் ஆகும் என்பதற்காகச் சொல்கிறேன். பொடிந்துபோகும் நிலையில் உள்ள ஒரு கட்டைப் பிரித்து, மையே தாளை அரித்துவிட்ட இடங்களில் மெல்லிய தாள் ஒட்டி, காயவைத்து, மறுபடி தைத்து அடுக்கும் வேலையை நேரில் பார்த்தவர்களுக்கு இது புரியும். இரண்டு கோப்புகள் அப்படி முடிவதற்குள் ஆணையர் மாறிவிட்டால், மூன்றாவதைப் பற்றிக் கேட்க ஆள் இருக்காது.

ஆனால் என் கவலை, காப்பகத்துக்குள் வந்து சேர்ந்துவிட்ட தாள்களைவிட வந்து சேராமலே போகும் தாள்களைப் பற்றியது. அலுவலகத்தில் ஒரு கோப்பு முடிந்ததும், அதை ஓ.மு., மூ.மு., ப.மு. என்று வகைப்படுத்துவோம், ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு கழிந்ததும் அழித்துவிடலாம் என்று பொருள். நிரந்தரமாக வைக்க வேண்டியவை தனி. இந்த முடிவைப் பெரும்பாலும் எடுப்பவர், இட நெருக்கடியில் தவிக்கும் ஒரு பிரிவு எழுத்தர். நான் வேலை பார்த்த அலுவலகம் ஒன்றில், இரண்டு ஊர்களுக்கு இடையிலான வாய்க்கால் முறைப்பாசனக் கோப்புக்கு, நிரந்தரமாக வைக்க வேண்டியது என்று தெரியாமல், மூ.மு. போட்டுவிட்டார்கள். பல ஆண்டு கழித்து இரண்டு ஊராரும் ஒரே நாளில் நகல் கேட்டு வந்து நின்றபோது, பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதிய ‘அழிக்கப்பட்டது’ என்ற சொல்லைத்தான் என்னால் காட்ட முடிந்தது. ஒரு பெரியவர் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

1993-ஆம் ஆண்டின் மத்தியப் பொது ஆவணச் சட்டம் இதற்கு ஓரளவு கடிவாளம் போட்டிருக்கிறது. 1892-க்கு முற்பட்ட எந்த ஆவணத்தையும், அது இனி ஆவணமாகப் பயன்படாத அளவுக்குச் சிதைந்துவிட்டது என்று காப்பகத் தலைவரே கருதினாலன்றி அழிக்க முடியாது. விதிகளை மீறி அழித்தால் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனையும் உண்டு. ஆனால் அச்சட்டம் மத்திய அரசின் ஆவணங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் உரியது. புதுச்சேரிக்குப் பொருந்துவது, பக்கத்திலிருக்கும் கடலூரின் தாலுகா அலுவலகத்துக்குப் பொருந்தாது. இத்தனை பொறுப்பைத் தலைவரின் கருத்து ஒன்றின்மேல் சட்டம் ஏற்றி வைக்கிறது என்றால், அந்தக் கருத்தைச் சொல்லப் போகிறவர் யார் என்று கேட்பதில் தவறில்லை. மின் அலுவலகம் வந்த பிறகு கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. கோப்பு தாளாகவே பிறப்பதில்லை. மென்பொருளை மாற்றும்போது எதைக் கொண்டுபோவது, எதை விட்டுவிடுவது என்று தீர்மானிக்கும் கூட்டத்தில் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு நாற்காலி வேண்டும்.

ஐ.ஏ.எஸ். அதிகாரி வேண்டாம் என்பது என் வாதமல்ல. மற்றத் துறைச் செயலாளர்களிடம் பேசிக் கோப்புகளை வாங்கவும், நிதித் துறையில் பணம் கேட்கவும் அந்தப் பதவியின் கனம் உதவும். முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் தொடுத்த வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை அடுத்து, ஐ.ஏ.எஸ். பதவிகளுக்குக் குறைந்தது இரண்டாண்டு என்று 2014-இல் விதி திருத்தப்பட்டது. ஆவணக் காப்பகத்துக்கு இரண்டாண்டு போதாது. ஐந்தாண்டு என்று தமிழ்நாடு அரசு தானாகவே வைத்துக்கொள்ளலாம். விருப்பம் தெரிவிக்கும் அதிகாரிகளிலிருந்து, வரலாற்றுப் பேராசிரியர்களும் ஆவணவியல் அறிந்தவர்களும் இடம்பெறும் குழு ஒருவரைப் பரிந்துரைக்கட்டும். அவருக்கு அடுத்த நிலையில், தில்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பட்டயப் படிப்பையோ அதற்கு இணையான பயிற்சியையோ முடித்த ஒருவர் நிரந்தரமாக இருக்க வேண்டும். அவருடைய கையெழுத்து இல்லாமல் எந்த மாவட்டத்தின் அழிப்புப் பட்டியலும் செல்லாது என்று, அடுத்த ஆணையரை நியமிக்கும் அரசாணையோடு சேர்த்தே ஓர் உத்தரவு பிறப்பிக்குமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பதிவறை எழுத்தர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.