இடது கை கிளட்ச் மேலேயே இருக்கட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. லாம்பிரட்டா ஸ்கூட்டரில் எஞ்சின் ஹெட்டின் சூட்டைக் காட்டும் மீட்டரை மாட்டி, நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோக்கள் வந்தன. கூடவே "இது சரியாப்பா?" என்று ஒரு வரி. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் பேப்பர் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு போட்டோவையும் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வேலை சுத்தமாக இருக்கிறது. ஹேண்டிலில் துளை போடாமல் பிராக்கெட் வைத்து மீட்டரை மாட்டியிருக்கிறாய். சிலிண்டர் ஹெட்டை மூடும் தகரக் கவரில், ஒயர் வெளியே வரும் இடத்தை அரத்தால் ராவி ரப்பர் புஷ் போட்டிருக்கிறாய். அந்த இடத்தில் ரப்பர் இல்லாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். தகரத்தின் ஓரம் ஒயரின் தோலை அறுத்து, ஹெட்டில் பட்டு, மீட்டர் கண்டபடி காட்டும். பட்டறைக்குப் போய் எல்லோரிடமும் காட்டினேன். "லைட் பிடித்துக்கொண்டு நின்ற பொண்ணா இது?" என்று கேட்டார்கள். ஆமாம், அதே பொண்ணுதான் என்றேன்.

ஆனால் ஒயரை நறுக்கியிருக்கிறாய். நறுக்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? சைடு பேனலைக் கழற்றி எடுத்த போட்டோவில் கறுப்பு டேப் சுற்றிய ஜாயிண்ட் தெரிகிறது. சென்சாரோடு வந்த ஒயர் ஹேண்டில் வரைக்கும் எட்டவில்லை, அதனால் வீட்டில் கிடந்த செம்பு ஒயரைச் சேர்த்து நீட்டியிருக்கிறாய். ஹெட்லைட்டுக்கு அப்படிச் செய்யலாம், ஹாரனுக்குச் செய்யலாம். இதற்கு மட்டும் கூடாது.

ஸ்பார்க் பிளக்குக்கு அடியில் நீ மாட்டியிருக்கும் அந்த வளையம்தான் சென்சார், வெறும் வாஷர் இல்லை. இரண்டு வேறு வேறு உலோகக் கம்பிகள் அங்கே சேர்கின்றன. சேரும் இடம் சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருந்தால் நடுவில் துளி மின்சாரம் பிறக்கும். கே டைப் என்கிற வகைக் கம்பி ஜோடியாக இருந்தால் ஒரு டிகிரிக்கு ஒரு வோல்ட்டை பத்து லட்சமாகப் பங்கு போட்டதில் 41 பங்கு, அவ்வளவுதான். மீட்டர் தன் சொந்தச் சூட்டை அளந்து, அதோடு இந்த மின்சாரத்துக்கான டிகிரியைக் கூட்டிக் காட்டுகிறது. நீ நடுவில் செம்பைச் சேர்த்ததும் அந்த மறுமுனை மீட்டரில் இல்லை, சைடு பேனலுக்குள்ளே வந்துவிட்டது. உள்ளே 65, 70 டிகிரி இருக்கும். மேலே ஹேண்டிலில் குன்னூர் குளிரில் மீட்டர் 20 டிகிரியில் இருக்கிறது. இடையில் இருக்கும் அந்த 50 டிகிரி காணாமல் போய்விடும். அதாவது மீட்டர் எப்போதும் குறைத்துத்தான் சொல்லும்.

நீ அனுப்பியதில் 112 என்று காட்டுகிறது. பர்லியார் தாண்டி ஏறி வந்து நிறுத்திய உடனே எடுத்தது போல இருக்கிறது. இந்த லாம்பிரட்டா அந்த மேட்டை ஏறி முடித்தால் ஹெட் 150க்குக் கீழே இருக்க நியாயமே இல்லை. அந்த எண்ணைப் பார்த்து நீ நிம்மதியாக இருந்திருப்பாய். எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. மீட்டரே இல்லாவிட்டால் காதால் கேட்டு, கை வைத்துப் பார்த்து, கொஞ்ச நேரம் நிறுத்திப் போவாய். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும் மீட்டர் இருந்தால் யாரும் நிறுத்த மாட்டார்கள்.

50ஐக் கூட்டிக்கொண்டால் போயிற்று என்று நினைக்காதே. ஜாயிண்ட் இருக்கும் இடத்தின் சூடு ஏறி இறங்கும், பிழையும் கூடவே ஏறி இறங்கும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீயே சோதித்துப் பார். எஞ்சின் ஆறின பிறகு பிளக்கைக் கழற்றி வளையத்தை வெளியே எடு. எடுத்ததும் மீட்டர் அறையின் சூட்டைக் காட்ட வேண்டும். அப்புறம் கொதிக்கும் தண்ணீரில் வளையத்தை மட்டும் முக்கு. குன்னூர் உயரத்துக்குத் தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். 100 காட்டவில்லையே என்று மீட்டரைக் குறை சொல்லாதே. 94 பக்கத்தில் நின்றதும், அந்த டேப் ஜாயிண்டைச் சுற்றி வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சுற்று. தண்ணீர் அங்கே கொதித்துக்கொண்டேதான் இருக்கும், மீட்டரில் எண் இறங்கும். அதைப் பார்த்தால் உனக்கே புரியும்.

கோவையில் ஃபவுண்ட்ரிகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கே டைப் ஒயர் கிடைக்கும். மீட்டர் வந்த பெட்டியில் கே டைப் என்று போட்டிருக்கிறதா என்று முதலில் பார். சில மீட்டர்கள் வேறு டைப். செம்பை எடுத்துவிட்டு அந்த ஒயரையே ஹேண்டில் வரை கொண்டுபோ. சால்டரிங் வேண்டாம், கிரிம்ப் பண்ணு, அதாவது உலோகக் குழலுக்குள் வைத்து நசுக்கி இறுக்கு. நிறம் பார்த்து ஏமாறாதே. சிவப்பு என்றால் பாசிட்டிவ் என்று உன் கை பழகியிருக்கும், பழக்கியது நான்தான். அமெரிக்க முறையில் வரும் ஒயரில் சிவப்புதான் நெகட்டிவ். சந்தேகம் வந்தால் ஒரு சின்னக் காந்தத்தைக் கம்பியில் வை. கே டைப்பில் ஒட்டுகிற கம்பி நெகட்டிவ், ஒட்டாதது பாசிட்டிவ். ஹெட் சூடாகச் சூடாக மீட்டரில் எண் இறங்கினால் சென்சார் முனைகளை மாற்றிக் கொடுத்திருக்கிறாய் என்று அர்த்தம்.

வண்டி ஓடும்போது மட்டும் எண் 40க்கும் 200க்கும் தாவுகிறது என்று முன்னால் ஒருதரம் சொன்னாயே, அது வேறு கோளாறு. ஆயிரக்கணக்கான வோல்ட் போகிற பிளக் ஒயருக்குப் பக்கத்திலேயே அந்தத் துளி மின்சாரமும் போகிறது. இரண்டையும் தள்ளி வை, ஒன்றோடு ஒன்று கட்டாதே. அந்தத் தொந்தரவைக் குறைக்க 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் உள்ள பிளக் கேப் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பள்ளத்தில் விழும்போது மட்டும் எண் போய்ப் போய் வந்தால், ஒயர் தோலுக்குள்ளே முறிந்திருக்கும். இந்த வண்டியில் பின் சக்கரத்தோடு எஞ்சினே மேலும் கீழும் ஆடும். ஆடும் இடத்தில் ஒயருக்குக் கொஞ்சம் தொய்வு விடு. பிளக்கின் சொந்த வாஷரைக் கழற்றிவிட்டுத்தானே வளையத்தைப் போட்டாய்? பிளக்கை முறுக்கும்போது வளையத்தின் வால் கூடவே திரும்பாமல் பிடித்துக்கொள். முறிகிற சென்சார் பாதி அங்கேதான் முறிகிறது.

மீட்டருக்கு அதன் சொந்தப் பேட்டரி போதும். விளக்கு எரிய வேண்டும் என்று ஹெட்லைட் ஒயரிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடாதே. இது 6 வோல்ட் ஏசி. ரெகுலேட்டர் இல்லாத மேக்னெட், ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் வோல்ட் எங்கேயோ போகும். மீட்டர் அன்றைக்கே புகைந்துவிடும்.

இதெல்லாம் சரிசெய்த பிறகு வரும் எண்ணை எழுதி வை. சமதரையில் என்ன, ஏற்றத்தில் என்ன, பெட்ரோல் போட நிறுத்தும்போது என்ன என்று. வண்டிக்கு வண்டி மாறும். உன் வண்டியின் வழக்கமான எண் உனக்குத் தெரிந்தால்தான் மாறும்போது தெரியும். நான் 180 வந்தால் மெதுவாகப் போவேன், 200 வந்தால் ஓரமாக நிறுத்துவேன். நீயும் அப்படியே செய். ஏறிக்கொண்டே போனால் ஃபேன் பக்கம் பார், சிலிண்டர் தகடுகளுக்கு நடுவில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். விரல் நகத்தால் சுரண்டினாலே உதிரும், ஆனால் காற்றை அடைத்துவிடும். கார்புரேட்டர் பக்கத்து இன்லெட் கேஸ்கெட்டில் காற்று இழுக்கிறதா என்று பார். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அதில் ஆக்ஸிஜன் இருப்பதால், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் பழைய ஜெட்டுக்குக் கலவை மெலிந்துவிடும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இருக்காது, சூடு ஏறும். பழைய ரப்பரையும் அது கெடுக்கும். பெட்ரோல் ட்யூபை இந்த வருஷமே மாற்றிவிடு.

இன்னொன்று. குன்னூரில் காற்று மெலிசு, அதனால் அங்கே புகை கொஞ்சம் அதிகமாகத்தான் வரும், பிளக் கறுக்கும். யாராவது மெக்கானிக் சின்ன ஜெட் போட்டால் சரியாகிவிடும் என்பான். அங்கே சரியாகிவிடும். அதோடு மேட்டுப்பாளையம் இறங்கினால் கீழே காற்று கனம், கலவை மெலிந்து பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். போட்டுவிட்டாயா? போட்டிருந்தால் பழையதை மாட்டு.

இறக்கத்தைப் பற்றி எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். மறுபடி சொல்கிறேன். இந்த எஞ்சினுக்கு ஆயில் பெட்ரோலோடுதான் போகிறது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மூடிக்கொண்டு கியரில் மைல்கணக்கில் இறங்கினால் பெட்ரோலும் போதுமான அளவு போகாது, ஆயிலும் போகாது. மீட்டர் குளிர்ச்சியாகக் காட்டும், உள்ளே பிஸ்டன் வறண்டுகொண்டிருக்கும். அதனால் வளைவுக்கு வளைவு ஒரு நொடி ஆக்ஸிலரேட்டரைத் திறந்து மூடு. இடது கையில் இரண்டு விரல் கிளட்ச் மேலேயே இருக்கட்டும். வண்டி திடீரென்று யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல இருந்தால் யோசிக்காதே, கிளட்சைப் பிடி. கொடைரோட்டில் உன் மாமா யோசித்தார்.

ராத்திரி நேரத்தில் அந்த ரோட்டில் தனியாக வராதே. போட்டோவில் பின்னால் கடைகளெல்லாம் சாத்தியிருக்கின்றன, நாய்கூட இல்லை. வேலை விஷயமாக இருக்கும். இருந்தாலும் சொல்லிவிட்டு இறங்கு, ஏறினதும் சொல்லு. எனக்குச் சொல்லாவிட்டாலும் உன் தம்பிக்காவது சொல்லு.

பின் சீட்டைக் கழற்றிவிட்டுக் கேரியர் போட்டிருக்கிறாய். வண்டி கச்சிதமாக இருக்கிறது. சீட்டைப் பத்திரமாக வை, இந்த வண்டியைச் செய்த பம்பாய் ஏ.பி.ஐ. கம்பெனியிலிருந்தே வந்த ரப்பர் அது, இனி கிடைக்காது. தாத்தா இருந்தவரை அதில் மழை பட விடமாட்டார். திரும்ப மாட்டுவதாக இருந்தால் ஸ்பிரிங்குக்கு கிரீஸ் போட்டு மாட்டு. மாட்டவில்லை என்றாலும் பரவாயில்லை.

மாப்பிள்ளை முன்பு ஞாயிற்றுக்கிழமை பேசுவார். அவருக்கு வேலை அதிகம்போல. அம்மா முறுக்கு சுடப்போகிறாள், எவ்வளவு சுட வேண்டும் என்று கேட்கச் சொன்னாள். சித்திரைத் திருவிழாவுக்கு நீங்கள் வருவீர்கள் என்று கள்ளழகர் இறங்கும் நாள் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். வராததைக் குறையாகச் சொல்லவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் வர வேண்டும் என்றால் ஒரு வார்த்தை போதும். ராத்திரி பஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். மல்டிமீட்டரையும் பச்சை டப்பாவையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். வண்டியைப் பார்ப்பேன், வேறு எதுவும் கேட்க மாட்டேன். வண்டியை லாரியில் ஏற்றி இங்கே அனுப்ப வேண்டும் என்று தோன்றினாலும் ஏற்றிவிடு. நீ அதற்கு முன்னாலேயே வந்து சேர்ந்தாலும் சரி. மாடி அறையில் டியூப்லைட் மாற்றியிருக்கிறேன், மோட்டார் சுவிட்சும் மாற்றியாகிவிட்டது.

கேப்போடு ரப்பர் புஷ்கள் கொஞ்சமும் இரண்டு பிளக்கும் வைத்து நாளைக்கு கூரியரில் போடலாம் என்றிருக்கிறேன். பழைய விலாசத்துக்கே அனுப்பலாமா, மாறியிருக்கிறதா? மாறியிருந்தால் புதியதை எழுதி அனுப்பு, கதவு எண்ணைத் தெளிவாகப் போடு.

கிளட்ச் மேலே விரல் இருக்கட்டும்.

அப்பா