ஈஸ்ட் செல்லுக்கு வேண்டியது ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு அறிவியல் பக்கத்தில் ஒரு வரி: "ஈஸ்ட் செல்லுக்கு ஒன்றும் தெரியாது, சர்க்கரை வந்தால் வாயைத் திறக்கும், அவ்வளவுதான்." அதற்கு மேல் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

'அவ்வளவுதான்' என்று எந்த தைரியத்தில் எழுதினார்கள்? குளுக்கோஸ் போன்ற சர்க்கரைகள் உள்ளே நுழைவதை முழுதாக நிறுத்த, குறைந்தது 20 ஜீன்களை நீக்க வேண்டியிருந்தது என்று ஜெர்மன் ஆய்வாளர்கள் 1999-லேயே காட்டிவிட்டார்கள். அந்த ஜீன்கள் தரும், சர்க்கரையை உள்ளே கொண்டுவரும் அத்தனை கடத்திப் புரதங்களையும் செல் எப்போதும் செய்துகொண்டிருப்பதும் இல்லை. சர்க்கரை குறைந்தால் எச்எக்ஸ்டி2 போல அதை இறுகப் பற்றும் கடத்திகள் வரும். நிறைய இருந்தால் பிடி தளர்ந்த எச்எக்ஸ்டி1 வரும், எச்எக்ஸ்டி2-இன் ஜீனை மிக்1 என்ற புரதம் அடக்கிவிடும்.

வெளியே எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கே செல்சவ்வில் எஸ்என்எஃப்3, ஆர்ஜிடி2 என்று இரண்டு புரதங்கள் உண்டு. பார்வைக்குக் கடத்திகள் மாதிரியேதான், ஆனால் சர்க்கரையைத் தூக்குவதில்லை, தகவல் மட்டும் சொல்லும். அது கிடைத்ததும் எம்டிஎச்1 என்ற புரதம் சிதைக்கப்படும். அதன் துணை இல்லாமல் ஆர்ஜிடி1 என்ற இன்னொரு புரதத்தால் கடத்தி ஜீன்களை அடக்கி வைக்க முடியாது.

கல்லூரி ஆய்வகத்தில் பல வருடம் இதைக் கண்ணால் பார்த்தவள் நான். குளுக்கோஸில் வளர்த்த ஈஸ்டை எடுத்து, குளுக்கோஸ் உள்ள ஒரு குழாயிலும், காலக்டோஸ் என்ற வேறொரு சர்க்கரை உள்ள ஒரு குழாயிலும் விடுவோம். வாயுவைப் பிடிக்க உள்ளே கவிழ்த்த டர்ஹாம் என்ற சிறு குழாயில், குளுக்கோஸ் பக்கம் சீக்கிரமே வாயு சேர்ந்துவிடும். காலக்டோஸ் பக்கம் அசைவே இருக்காது. "செத்துப்போச்சு மேடம்" என்பார்கள் மாணவிகள். அப்புறம் அதிலும் குமிழி வரும். அந்த இடைவெளியில்தான் காலக்டோஸுக்கான கடத்தியையும் அதை மாற்றும் நொதிகளையும் செல் புதிதாகச் செய்துகொண்டிருந்தது. ஒன்றும் தெரியாததா அது?

இது முதல் தடவையும் இல்லை, ஐயா. இட்லி மாவு உப்புவது ஈஸ்டால்தான் என்று முன்பு போட்டீர்கள். அதில் முக்கிய வேலை லியூகோநோஸ்டாக் போன்ற லாக்டிக் அமில பாக்டீரியாக்களுடையது என்று எழுதினேன். பதிலே இல்லை. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் என்று வந்தபோதும் எழுதினேன். உங்களுக்குத் தெரியாத விஷயங்கள் அல்ல இவை. ஒரு நடிகரின் வயது தப்பாகிவிட்டால் மறுநாளே வருந்துகிறீர்கள். அறிவியல் பக்கத்தை நம்பிப் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த மரியாதை கிடையாதா? என் மாணவிகள் பலர் இன்று ஆசிரியைகள். அந்தப் பக்கத்தை வெட்டி வகுப்புப் பலகையில் ஒட்டுகிறார்கள்.

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் நான்கு வரித் திருத்தம் போடுங்கள். அச்சுக்குப் போகுமுன் பக்கத்தை அனுப்பினால் படித்துத் தரவும் தயார். சன்மானம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் பேராசிரியை,
கும்பகோணம்