வரலாற்று விடைத்தாள்கள் வீட்டுக்கு வருகின்றன

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுக் கட்டுரைத் தாள்களைத் திருத்தி, இன்று பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புகிறோம். அந்த வகுப்புக்கு வரலாற்றுப் பாடம் நான்தான் எடுக்கிறேன். திருத்தும்போது பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். நீங்களும் சிரிப்பீர்கள். அதற்கு முன் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு தாளில், ஜூலியஸ் சீசர் நூறு வயதில் பிறந்து நாற்பத்து நான்கு வயதில் இறந்தார் என்று இருக்கிறது. அதோடு விடவில்லை. வயது குறையக் குறைய அவருக்கு வீரம் கூடிக்கொண்டே போனதாம்! சீசர் பிறந்தது கி.மு. 100, கொல்லப்பட்டது கி.மு. 44. அந்தப் பையன் எண்களைச் சரியாகத்தான் படித்திருக்கிறான், ஆண்டை வயது என்று எடுத்துக்கொண்டுவிட்டான். கரும்பலகையில் ஒரு கோடு போட்டு, கி.மு. ஆண்டுகள் ஏன் இறங்கிக்கொண்டே வருகின்றன என்று காட்டினேன். சீசருக்கு என்ன வயது என்று கேட்டதும் 56 என்றான். பிறந்தது ஜூலை, இறந்தது மார்ச் என்று சொன்னேன். விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "அப்போ 55 சார்" என்றான். இனி அவனுக்கு அது மறக்காது.

நூறாண்டுப் போரை, நூறு ஆண்டு முடிந்ததும் மணி அடித்து நிறுத்தினார்கள் என்று ஒரு மாணவி எழுதியிருக்கிறாள். இங்கிலாந்தும் பிரான்சும் 1337 முதல் 1453 வரை, விட்டு விட்டு 116 ஆண்டுகள் மோதிக்கொண்டன என்று கேட்டபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நான் அதிக நேரம் யோசித்தது வேறொரு வரியைப் பற்றி. "1914இல் முதல் உலகப் போர் தொடங்கியதும், இரண்டாவது எப்போது வருமோ என்று மக்கள் பயந்தார்கள்." கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடிக்கக் கிளம்பினார் என்று பலரும் எழுதியிருப்பதும் இதே வகைதான். 1492இல் அவர் தேடிப் போனது ஆசியாவுக்கு ஒரு கடல்வழி. நடுவில் ஒரு கண்டம் கிடப்பது அவருக்குத் தெரியாது. பின்னால் நடந்தது நமக்குத் தெரியும் என்பதால், அன்றைய மனிதர்களுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். பெரியவர்களும் சறுக்கும் இடம் இது.

எனக்குக் கவலை தருபவை பிழையே இல்லாத சில தாள்கள். பிரெஞ்சுப் புரட்சியின் காரணங்கள் ஐந்தாறு தாள்களில் காற்புள்ளி மாறாமல் ஒரே மாதிரி இருக்கின்றன. 1789இல் ரொட்டி விலை ஏன் ஏறியது என்று கேட்டால் பதில் இல்லை. முந்தைய ஆண்டு விளைச்சல் பொய்த்தது என்ற வரியும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. நோட்ஸை மனப்பாடம் செய்து அப்படியே இறக்கியிருக்கிறார்கள். இதைவிட, சீசரின் வயதைத் தானே யோசித்துத் தப்பாக எழுதிய பிள்ளை எவ்வளவோ மேல்.

தயவுசெய்து தாளைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். முன்பு ஒரு தாள் அப்படிச் சுற்றியது. எழுதிய பிள்ளை அதற்குப் பிறகு வெகுநாள் இரண்டு வரிக்கு மேல் எழுதவே இல்லை. இந்தக் கடிதத்தில் உள்ள வரிகளைக்கூட, எழுதியவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் சேர்த்திருக்கிறேன். பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள், சேர்ந்து சிரியுங்கள். அப்புறம், "ஏன் அப்படி நினைத்தாய்?" என்று கேட்டு, பதிலை முழுதாகக் கேளுங்கள்.

சிவப்பு மையில் கேள்விக்குறி போட்ட பத்திகளைப் பிள்ளைகள் தங்கள் சொந்த நடையில் திருத்தி எழுத வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம். திருத்தியதற்கு மதிப்பெண் கூட்டித் தருவேன். கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் தாளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்