செவலையைக் கூட்டிக்கொண்டு வரும்போது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். மே முதல் வாரம் உன் நாய் செவலையையும் காரில் கூட்டி வருவதாக நீ சொன்னதிலிருந்து அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பெங்களூரிலிருந்து திருநெல்வேலி 600 கிலோமீட்டருக்கு மேல். போனில் சொன்னால் 'சரிப்பா, சரிப்பா' என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

இன்னும் ஒரு மாசம் இருக்கிறது. இன்றைக்கே பழக்க ஆரம்பி. முதலில் நிற்கிற வண்டியில் ஏற்றி, அதற்குள்ளேயே சோறு வை. இரண்டு நாள் கழித்துத் தெருவை ஒரு சுற்று. அப்புறம் ஓசூர் வரை. எச்சில் வடித்தாலோ, சும்மா சும்மா கொட்டாவி விட்டாலோ, உதட்டை நக்கிக்கொண்டே இருந்தாலோ அதற்குக் குமட்டுகிறது என்று புரிந்துகொள். அன்றைக்கு அதோடு திரும்பிவிடு. குட்டிகளுக்கு இது சகஜம், வளர வளரக் குறையும். நிற்காவிட்டால் கால்நடை மருத்துவரைக் கேள். நாம் போடுகிற வாந்தி மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதே.

விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பு. முந்தின ராத்திரி 8 மணிக்கு மேல் சோறு வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும். தொப்பூர் இறக்கத்து வளைவுகளில் வயிறு காலியாக இருப்பதே நல்லது. சேலம் தாண்டி நிறுத்தும்போது ஒரு இட்லியைப் பிய்த்துப் போடு. சாம்பார், சட்னி படக் கூடாது; வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி நடக்க விடு. வெயில் ஏறிவிட்டால் தார் ரோட்டில் உன் புறங்கையை வைத்துப் பார். உனக்குப் பொறுக்கவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் பொறுக்காது.

கரூரை 10 மணிக்குள் தாண்டிவிடு. கத்திரி வெயிலில் பரமத்திப் பக்கம் எப்படிக் கொதிக்கும் என்று உனக்குத் தெரியும். திண்டுக்கல்லில் சித்தி வீட்டில் இறங்கி, ராத்திரி தங்கி, மறுநாள் விடியலில் புறப்பட்டு வா. ஒரே நாளில் வந்து சேர வேண்டும் என்று எந்த அவசரமும் இல்லை.

சாப்பிடப் போகிறேன் என்று அதை வண்டிக்குள் பூட்டிவிட்டு மட்டும் போகாதே. வெளியே 24 டிகிரி இருக்கும்போதே, மூடிய காருக்குள் பத்து நிமிஷத்தில் 34, அரை மணியில் 43 ஆகிவிடும். மே மாசத்தில் கேட்கவே வேண்டாம். நமக்குப் போல அதற்கு உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பிரயோஜனம் இல்லை. பார்சல் வாங்கி வேப்பமர நிழலில் உட்கார்ந்து சாப்பிடு.

பின்சீட்டில், அது படுக்கிற பழைய போர்வையைத் துவைக்காமல் விரித்துவிடு. நெஞ்சைச் சுற்றிப் போடுகிற ஹார்னெஸை சீட் பெல்ட்டோடு மாட்டு. கழுத்துப்பட்டையில் உன் போன் நம்பர் இருக்கட்டும். வெறிநாய்த் தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொள்.

இனி சொல்வதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். சேலத்திலிருந்து வீடு மாறி வந்தபோது உனக்கு எட்டு வயசு. டீக்கடையில் வண்டி நின்றதும் நான்தான் கதவைத் திறந்தேன். கயிறு சீட்டில் கிடந்தது. ஒரு லாரி ஹாரன் அடித்தது, அப்போது நாம் வளர்த்த நாய் டைகர் பாய்ந்து ரோட்டைத் தாண்டிச் சோளக்காட்டுக்குள் ஓடிவிட்டான். இருட்டும்வரை தேடினோம். நீ அழுது அழுது தூங்கிப்போனாய். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு: அதற்கடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஏறி அந்த டீக்கடைக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். அவன் வரவில்லை.

கதவைத் திறக்கும் முன்னால் கயிறு உன் கையில் இருக்க வேண்டும், பாப்பா. கூட வருகிறவர்களிடமும் சொல்லி வை. டோல்கேட்டில் நின்றாலும் சரி, சித்தி வீட்டு வாசலில் நின்றாலும் சரி.

கொல்லைப்புறக் கேட்டுக்கு அடியில் ஒரு சந்து இருந்தது. நேற்று கம்பிவலை வாங்கி வந்து அடைத்துவிட்டேன். திண்டுக்கல் வந்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா