கேன்வாஸ் விரிப்பு ரெண்டு நாள்ல முடியாது சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயித்துக்கிழமை இணைப்புல, கேன்வாஸ் துணியில பெயின்ட் அடிச்சு தரை விரிப்பு செய்யது எப்படின்னு ஒரு குறிப்பு போட்டிருந்தீங்க, வாசிச்சிட்டு ஆசைப்பட்டு நானும் செஞ்சு பாத்தேன். சனிக்கிழமை தொடங்கினா ஞாயிறு சாயங்காலம் ஹால்ல விரிச்சிடலாம்னு அதுல இருந்துச்சு. எனக்கு பதினேழு நாள் ஆச்சு சார், முதல் துணி வீணாப் போனது தனி.

எந்தத் துணின்னு நீங்க போடல. நான் நாகர்கோவில்ல பந்தல் துணி விக்கிற ஒரு கடையில போய் கேன்வாஸ் வேணும்னு கேட்டேன், அவரு லாரிக்கு மேல மூடுற பச்சைக் கித்தான எடுத்துத் தந்தாரு, கனமா நல்லாத்தான் இருக்குன்னு நானும் வாங்கிட்டு வந்துட்டேன். மழை ஒழுகாம இருக்க அதுல மெழுகு ஏத்தியிருக்கு போல, பெயின்ட்டுக்கு முன்னால அடிக்கிற அடிப்பூச்சு இருக்கே, அந்த பிரைமர அடிச்சா சேம்பிலையில வெள்ளம் விட்ட மாதிரி உருண்டு உருண்டு நிக்குது, ஒட்டவே மாட்டேங்குது. பொறவு திரும்பப் போய் சாயம் போடாத, ஒண்ணும் பூசாத கோரா காட்டன் கேன்வாஸ்னு கேட்டு வாங்கினேன், விலையும் குறைவுதான்.

நாலுக்கு ஆறு அடி வேணும்னா அந்த அளவுக்கே வெட்டிடவும் கூடாது. பிரைமர்ல உள்ள ஈரம் பட்டதும் துணி சுருங்கும், அதனால நாலு பக்கமும் மூணு இஞ்ச் கூட விட்டு, ரெண்டு கோட் அடிச்சு காஞ்ச பொறவுதான் அளவு பாத்து வெட்டணும். அப்பவும் விளிம்ப மடிக்கதுக்கு ஒரு இஞ்ச் மிச்சம் வைக்கணும். மூலைய சாய்ச்சு வெட்டி, வெள்ளத்துக்கு இளகாத பசை போட்டு மடிச்சு, சப்பாத்திக் கட்டையால உருட்டி, மேல அம்மியத் தூக்கி வெச்சேன். மிக்ஸி வந்த பொறவு அம்மிக்கு எங்க வீட்ல கிடைச்ச முதல் வேலை இதுதான்.

டிசைன் நம்ம ஓணத்துக்கு இடுற அத்தப்பூ வட்டம், ஆணியும் நூலும் பென்சிலும் வெச்சு வரைஞ்சது. கலருக்கு வீட்டுக்கு அடிச்சதுல மிச்சம் கிடந்த எமல்ஷனே போதும்.

ஆனா வார்னிஷ் இருக்கே, அங்கதான் உங்க குறிப்பு என்ன கவுத்திட்டு. மூணு நாலு கோட் அடிக்கணும், துணிக்குக் கொடுத்தத விட இதுக்குத்தான் ரூவா கூட போச்சு. நம்ம மாவட்டத்துக்கு தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு, காத்துல எப்பவும் ஈரம். மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள பிசுபிசுன்னு கிடக்கும். நான் பொறுக்காம ஒரே நாள்ல ரெண்டாவது கோட்ட அடிச்சேன், பால் ஊத்தின மாதிரி வெளுத்துப் போச்சு. அன்னைக்கு ராத்திரி மழை விட்டதும் லைட்டுக்கு வந்த ஈசல் பூரா அதுல ஒட்டிக்கிட்டு, காலையில ஒவ்வொண்ணா பிச்சு எடுத்தேன், மஞ்சள் இதழ் ஒண்ணுல ரெண்டு சிறகு இப்பவும் உள்ளதான் கிடக்கு. மழைக்காலத்துல ஒரு கோட்டுக்கு ஒரு முழு நாள் விடணும், கடைசிக் கோட்டுக்குப் பொறவு ஒரு வாரம் யாரையும் மிதிக்க விடக்கூடாது.

இந்த விரிப்பு ஒண்ணும் புதுசு இல்ல. 18-ம் நூற்றாண்டுல இங்கிலாந்து வீடுகள்ல கித்தான்ல எண்ணெய் பெயின்ட் கனமா ஏத்தி தரையில போட்டிருக்காங்க, 1860-கள்ல ஃபிரெடரிக் வால்டன்னு ஒருத்தர் லினோலியம்ங்கிற வேற வகைத் தரை விரிப்பக் கொண்டு வந்த பொறவுதான் அது மங்கிச்சு. அவங்களும் ஒவ்வொரு கோட்டையும் நாள் கணக்குல காயப் போட்டவங்கதான்.

டைல்ஸ் தரையா இருந்தா அடியில வழுக்காத ரப்பர் வலை போடணும்னும் நீங்க எழுதல. எங்க மாமியார் கால் வெச்சதும் விரிப்பு ஒரு முழம் நகந்துட்டு, கதவப் பிடிச்சதால தப்பிச்சாங்க, "இது விரிப்பா மக்களே, பாசி பிடிச்ச படிக்கட்டா"ன்னு கேட்டாங்க.

எடுத்து வைக்கும்போது சேலை மாதிரி மடிச்சா மடிப்புல பெயின்ட் வெடிச்சிரும், படம் வெளிப்பக்கம் இருக்க மாதிரி சுருட்டித்தான் வைக்கணும். அடுத்த இணைப்புல இதையெல்லாம் சேத்து, முக்கியமா அந்த ரெண்டு நாள் கணக்கத் திருத்தி ஒரு வரி போட்டீங்கன்னா கொள்ளாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தக்கலை