கைராசி அல்ல, சன்னலின் திசை

ஆசிரியருக்கு வணக்கம்.

அடுக்குமாடி வீட்டுக்குள் கொத்தமல்லி, புதினா வளர்ப்பது பற்றிய குறிப்புகள் பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றன. விதை, மண், தண்ணீர் எல்லாம் விளக்கமாக இருக்கும். வெளிச்சத்துக்கு மட்டும் 'தெற்குப் பார்த்த சன்னலில் வையுங்கள்' என்று ஒரே வரி. அது குளிர்நாட்டுக்குச் சரி. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் தெற்குச் சன்னலுக்கு நேர்வெயில் கிடைக்காது. ஐப்பசி முதல் மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், அந்தச் சன்னலில் வெயில் விழும். கொத்தமல்லிக்கும் அதுதான் பருவம். சித்திரையில் விதைத்து, நாலு இலை விடுவதற்குள் பூத்துப்போனால் அது கைராசிக் கோளாறு அல்ல. வெப்பமும் நீண்ட பகலும் செய்யும் வேலை.

வெளிச்சம் போதுமா என்று பார்க்க, காலை 11 மணிக்குத் தொட்டிக்கு ஒரு சாண் மேலே கையை நீட்டுங்கள். நிழல் விளிம்பு தெளிவாக விழுந்தால் கொத்தமல்லி வரும். மங்கலாக விழுந்தால் புதினாவும் கற்பூரவல்லியும் சமாளிக்கும். நிழலே இல்லையென்றால் எதுவும் நூலாக நீண்டு சாயும். உரம் போட்டால் இன்னும் மோசமாகும். அங்கே 20 வாட், 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. டியூப் ஒன்றைச் செடியின் நுனியிலிருந்து அரை அடி உயரத்தில் மாட்டி, தினம் 12 மணி நேரம் எரிய விடலாம். மாதத்துக்கு 7 யூனிட் சொச்சம்தான் ஆகும். 12 மணி நேரத்துக்கு மேல் எரித்தால் கொத்தமல்லி சீக்கிரம் பூக்கும்.

மளிகைக் கடைத் தனியாவே முளைக்கும், பழசாக இல்லாவிட்டால். ஒவ்வொரு தனியாவுக்குள்ளும் இரண்டு விதை உண்டு. சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாகப் பிளந்து, இரவு ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் தூவவும். தூளாக்கிவிடக் கூடாது. முளைக்க 8 முதல் 12 நாள் ஆகும். ஐந்தாம் நாளே மண்ணைக் கிளறிப் பார்ப்பவர்கள்தான் அதிகம்! ஆணிவேர்ச் செடி என்பதால் தொட்டி 6 அங்குல ஆழமாவது இருக்க வேண்டும். பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. 40 நாளில் வெளி இலைகளைக் கிள்ளலாம்.

மண் கலவை: தென்னைநார்த் தூள் 2 பங்கு, செம்மண் 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு. நார்த்தூளை இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றி அலசிப் பிழிய வேண்டும். அதிலுள்ள உப்பு இலை நுனியைக் கருக்கும்.

வீட்டுக்குள் செடி சாவது பெரும்பாலும் தண்ணீர் கூடியதால்தான். வெயிலும் காற்றும் குறைவு, மண் காயாது. நாற்று அடித்தண்டு அழுகிச் சாய்வதும், மண்மேல் சின்னக் கருப்பு ஈ மொய்ப்பதும் இதனால்தான். ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றவும். அடித்தட்டில் தேங்கியதை உடனே கொட்டிவிடவும்.

புதினாவுக்கு விதை வேண்டாம். சந்தையில் வாங்கிய புதினாக் கட்டிலிருந்து தடித்த தண்டாக எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மூழ்கும்படி தண்ணீரில் வைத்தால் ஒரு வாரம், பத்து நாளில் வேர்விடும். ஆழமான தொட்டியைவிட அகலமான தொட்டி நல்லது; அது பக்கவாட்டில் ஓடும் செடி. இலையாகப் பறிக்காமல் ஒரு கணுவுக்கு மேலே தண்டோடு வெட்டினால் இரண்டாகக் கிளைக்கும்.

கறிவேப்பிலையை வீட்டுக்குள் வளர்க்கலாம் என்று எழுதுவதை நிறுத்தலாம். அது முழு வெயில் கேட்கும் மரம். மொட்டை மாடிதான் அதற்கு இடம். இனி வரும் குறிப்புகளில் திசையையும் விதைக்கும் மாதத்தையும் சேர்த்து வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மாடித்தோட்ட வாசகர்கள், சென்னை